துவைகல் ஓரத்துக் கதவு

எங்கள் மியூசியத்தில் சிலந்திகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். வருகிறவர்கள் யானை எலும்பைப் பார்ப்பார்கள், கழிவறை எங்கே என்று கேட்பார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாடிப்படிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அந்த நீள அறையில் இருபத்தாறு வருஷமாகச் செத்த சிலந்திகள் ஊறுகிற பாட்டில்களோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்பிரிட் குறைந்த பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றுவேன். மங்கிப்போன சீட்டுக்குப் புதுச் சீட்டு எழுதி உள்ளே போடுவேன். புதிதாக வருவதைப் பிரித்து அடுக்குவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. "உன் மேல அடிக்கிற வாசனைக்கு ஈகூட வராது, பொண்ணு எங்க வரும்?" என்று என் தங்கை சொல்லுவாள். அவளும் வருஷத்துக்கு ஒரு முறைதான் சொல்லுவாள், வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவாள்.

அந்த அறையில் எனக்கென்று ஒரு பேர் இருந்தது. சிலந்தி வளர வளரப் பழைய தோலை உரித்துப் போட்டுவிட்டுப் போகும். எட்டுக் கால், பல், மயிர் என்று எல்லாம் அச்சு அசலாக இருக்கும். உள்ளே மட்டும் ஆளிருக்காது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தோலையும் சேர்த்து எண்ணி, எட்டுச் சிலந்தியைப் பதினைந்து என்று எழுதிவிடுவார்கள். நான் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன், இது சிலந்தி, இது தோல் என்று. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கர்வப்பட வேறு என்ன இருந்தது எனக்கு?

எங்கள் பெரிய ஆராய்ச்சியாளரை எல்லாரும் 'லென்ஸ் அய்யா' என்போம். சாப்பிடும்போதும் அவர் கழுத்தில் லென்ஸ் தொங்கும். அவருடைய உயிர் முழுதும் கதவுச் சிலந்திகள் மேல்தான். இது வலை பின்னிக்கொண்டு மூலையில் தொங்குகிற ஜாதி இல்லை. ரொம்பப் பழைய வம்சம். பல் இரண்டும் கடப்பாரை மாதிரி நேராகக் கீழே இறங்கும். மண்ணில் விரல் தடிமனுக்குக் குழி தோண்டி, உள்ளே பட்டு பூசி, வாய்க்கு ஒரு மூடியும் கீலும் வைத்துவிடும். மூடியின் மேலே மண்ணும் பாசியும் ஒட்டிக்கொள்வதால், காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பெண் பிறந்த இடத்திலேயே இருபது வருஷம் குடியிருப்பாள். ஆண் அப்படி இல்லை. ஆளானதும் ஒரு மழை நாளில் வீட்டை விட்டு இறங்குவான், கதவு கதவாகத் தேடி நடப்பான், அந்த மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போவான்.

அந்தப் பேரினத்தில் நாலு வகைக்கு ஆணும் பெண்ணும் தெரியும். ஐந்தாவது வகைக்கு ஆண் மட்டும்தான் கிடைத்திருந்தது. ஊர்க்கோடியில் மண்மேட்டை ஒட்டிய ஒரு தெருவில் மழைக்குப் பிறகு அந்த ஆண்கள் நடமாடுவது தெரியவந்தது. தெருவின் கடைசி வீட்டுப் பின்கட்டில் வேலியோரமாகப் பன்னிரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்களை, அடியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி, தரைமட்டத்துக்குப் புதைத்தோம். நடக்கிறவன் தவறி உள்ளே விழுவான். புதன்கிழமைதோறும் நான் போய்க் கிண்ணங்களைக் காலி செய்து வருவேன். நாலு வருஷத்தில் அறுபத்தொரு ஆண். ஒரு பெண்கூட இல்லை. எப்படி இருக்கும்? வீட்டை விட்டு வெளியே வராதவள் கிண்ணத்தில் எப்படி விழுவாள்? இவ்வளவு ஆண்கள் தேடி வருகிறார்கள் என்றால் அவள் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறாள் என்று லென்ஸ் அய்யா சொல்வார். மண்மேட்டை அங்குலம் அங்குலமாக முழங்காலில் தவழ்ந்து தேடினேன். தேய்ந்தது என் முழங்கால்தான்.

அந்த வீட்டில் இருந்தவர் ஒரு தையல்காரம்மா. ஐம்பதை ஒட்டிய வயது. முன்னறையில் ஒரு மிதி மெஷின், ஒரு நாற்காலி, நூல்கண்டு வைக்கிற பழைய பிஸ்கட் டப்பாக்கள். நைந்துபோன காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுப்பதில் கெட்டிக்காரி. அந்தச் சட்டை இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். பேச்சு குறைவு. பின்கட்டுக்குப் போக வீட்டுக்குள்ளேதான் வழி என்பதால், முதல் நாள் தயங்கி நின்றேன். அப்போது பின்கட்டுக் கொடியில் ஓர் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. வீட்டில் ஆம்பளை இருக்கிறார், பயமில்லை என்று தைரியமாக உள்ளே போனேன்.

புதன்தான் அந்த வீட்டில் துவைக்கிற நாள். துவைகல்லில் அடித்த ஈரம் காயாமல் இருக்கும். கொடியில் அவர் துணி, ஒரு போர்வை, கூடவே ஓர் ஆண் சட்டை. நீலக்கோடு போட்டது, வெள்ளை, சாம்பல் நிறம் என்று மூன்று சட்டைகள் முறை வைத்து வரும். எனக்கு முறை மனப்பாடம். வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. ஷிப்டு வேலையாக இருக்கும் என்று நானே ஒரு வேலை போட்டுக் கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது, "சாரைக் கேட்டதாச் சொல்லுங்க" என்பேன். "சொல்றேன்" என்பார் தையல்காரம்மா. இப்படி நாலு வருஷம்.

உண்மையைச் சொல்வதானால், மழை இல்லாத மாதங்களில் மாதம் ஒரு முறை போனாலே போதும். நான் வாராவாரம் போனேன். கிண்ணத்தில் ஸ்பிரிட் காய்ந்துவிடும் என்று லென்ஸ் அய்யாவிடம் சொல்லி வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் துவைகல் மேல் உட்கார்ந்து தேநீரும் ரெண்டு துண்டு ரொட்டியும் சாப்பிடுவேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து பட்டன் தைப்பார். "இந்த வாரம் எத்தனை?" என்று கேட்பார். "ரெண்டு" என்பேன். "பாவம், எங்க போக இருந்துச்சோ" என்பார். அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது. அந்த அரை மணி நேரத்தை வைத்துத்தான் மிச்சம் ஆறு நாளையும் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

ஐந்தாம் வருஷ மழை தொடங்கின ஒரு புதன்கிழமை, வாசலில் கார் நின்றது. முன்னறையின் ஒரே நாற்காலியில் கனத்த ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மாவின் அண்ணன், வேறு ஊரில் லாரி உதிரி பாகம் விற்கிறவர். தையல்காரம்மா மெஷினுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"நீங்கதான் பூச்சி புடிக்கிற மியூசியக்காரரா?" என்றார் அண்ணன்.

"சிலந்தி. பூச்சிக்கு ஆறு கால்."

"எத்தனை காலா இருந்தா என்ன, உக்காருங்க" என்றார். உட்கார வேறு நாற்காலி இல்லை. "உங்களால ஒரு உபகாரம் ஆகணும். நாலு வருஷமா வாரம் தவறாம வர்றீங்களாம். இந்த வீட்ல ஆம்பளைன்னு ஒருத்தரை ஒரு நாளாவது கண்ணால பாத்திருக்கீங்களா?"

"நான் வர்ற நேரம் சார் வேலைக்குப் போயிருப்பார்."

"எந்த சார்?"

"இவங்க வீட்டுக்காரர்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். தங்கை மெஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் போயி ஏழு வருஷம் ஆச்சுங்க" என்றார் அண்ணன்.

"சட்டை..." என்று கொடிப் பக்கம் கையைக் காட்டினேன். அன்றைக்கு வெள்ளைச் சட்டையின் முறை. காற்றில் கை இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. வாசலில் நின்றே தோல் எது, சிலந்தி எது என்று சொல்கிற மகானுபாவன் நான். நாலு வருஷம் ஒரு தோலை நலம் விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணன் விவரமாகச் சொன்னார். அவர் மைத்துனர் தண்ணீர்த் தொட்டியில் பம்பு ஆபரேட்டர். ஒரு மழைக்காலக் காலையில் வேலைக்கென்று கிளம்பினார். வேலைக்குப் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பேப்பரில் போட்டோ எல்லாம் பார்த்தாகிவிட்டது.

"ஏழு வருஷம் ஆள் தகவல் இல்லன்னா செத்ததாக் கருதலாம்னு சட்டம் இருக்கு. இவ விண்ணப்பம் போடணும். ஒரு சாட்சி தெருமுனை ரொட்டிக்கடைக்காரர், ஒத்துக்கிட்டார். இன்னொண்ணு நீங்க. அவன் இந்தப் பக்கம் வரவே இல்லன்னு எழுதிக் கொடுக்கணும், அவ்வளவுதான். வீடு இவ பேருக்கு வந்துடும். வித்துட்டு என்கூட வரட்டும். மாடில ஒரு ரூம் சும்மா கெடக்கு."

"நான் கையெழுத்துப் போடறேன்னு சொல்லலண்ணே" என்றார் தையல்காரம்மா.

"போடமாட்டேன்னும் சொல்லலல்ல? சார், நீங்களே கேளுங்க. போன மழைல இவ பின்கட்டுல வழுக்கி விழுந்துட்டா. ஒரு வியாழக்கிழமை. எந்திரிக்க முடியல. தவழ்ந்து வந்து உள்ள படுத்திருக்கா. வெள்ளி பூரா கெடந்திருக்கா. சனிக்கிழமை ரொட்டிக்கடைக்காரர் என்னடா ஆளக் காணோமேன்னு வந்து எட்டிப் பாத்திருக்கார். ரெண்டு நாளுங்க! குடிக்கத் தண்ணி எடுத்துக் குடுக்க ஆளில்ல." அவர் குரல் கம்மியது. நல்ல மனிதர்தான். "இவ எனக்கு ஒரே தங்கச்சி. இன்னொரு தடவை விழுந்தா எனக்கு யாரு போன் பண்ணுவா?"

எனக்கு அந்த வாரம் ஞாபகம் இருந்தது. அடுத்த புதன் போனபோது காலில் துணி கட்டியிருந்தார். "சுளுக்கு" என்றார். நானும் "சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க" என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு, ரொட்டியைத் தின்றுவிட்டு வந்தேன்.

"வர்ற திங்கள் பத்து மணி, வக்கீல் ஆபீஸ்" என்று அண்ணன் எழுந்தார். காரில் ஏறும்வரை திரும்பித் திரும்பித் தங்கையைப் பார்த்தபடியே போனார்.

நான் பின்கட்டுக்குப் போய்க் கிண்ணங்களைக் காலி செய்தேன். என்ன விழுந்திருந்தது என்று பார்க்கவில்லை. வழக்கம்போல் துவைகல் மேல் உட்கார்ந்தேன். தையல்காரம்மா தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"கோவமா?" என்றார்.

"கோவம் என்ன. வெக்கமாத்தான் இருக்கு. வாரா வாரம் 'சாரைக் கேட்டதாச் சொல்லுங்க'ன்னு..."

"நான் சொன்னேனே. நீங்க சொன்ன ஒவ்வொரு தடவையும் சொன்னேன்." கொடியை அண்ணாந்து பார்த்தார். "மொதல் வருஷம் வேலிப் பக்கம் எவனோ ஒருத்தன் தெனம் வந்து நின்னு பாத்துக்கிட்டிருந்தான். வீட்ல ஆளிருக்குன்னு காட்டத்தான் ஒரு சட்டைய நனைச்சுப் போட்டேன். அப்புறம் அவன் வர்றத நிறுத்திட்டான். நான் நிறுத்தல. உடுத்துனா அழுக்காகும், அழுக்கானாத் துவைப்பாங்க. நான் அழுக்கே ஆகாததத் துவைச்சேன். துவைச்சுத் துவைச்சே ரெண்டு காலர் நைஞ்சு போச்சு. திருப்பித் தச்சேன்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை.

"குடைய எடுத்துக்கிட்டுப் போனாருங்க" என்றார். "சொல்லுங்க, திரும்பி வராதவன் குடை எடுத்துட்டுப் போவானா? நனையக் கூடாதுன்னு நெனைக்கிறவனுக்கு வீட்டு நெனப்பு இருக்குன்னுதானே அர்த்தம்? இப்ப நான் ஒரு கையெழுத்துப் போட்டா அந்தக் குடையோட சேத்து அவரக் கொன்ன மாதிரி ஆயிடும். போடலன்னா இப்படியே கெடக்கணும். அண்ணன் நெனைக்குது எனக்கு இந்தத் தனிமை இனிக்குதுன்னு. காலைல எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் மெஷின் சத்தம்தான். நிறுத்துனா காது அடைக்குது." பட்டனைக் கீழே வைத்தார். "போயிடலாம்னுதான் பாக்கறேன். போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு ஒப்படைக்கணும்."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். திறந்தார். பஞ்சுக்கு மேல் ஏழு சிலந்திகள் வரிசையாக இருந்தன. அவை சிலந்திகள் அல்ல என்று இந்த முறை சரியாகச் சொன்னேன். தோல். கனத்த கால், அகன்ற முதுகு, கறுத்த பல். ஆணின் உடல்வாகு இல்லை. டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"எங்க?" என்றேன்.

"நீங்க உக்காந்திருக்கிற கல்லுக்குப் பக்கத்துலதான்."

இறங்கி, போட்டிருந்த மியூசியக் காக்கிக் கோட்டைக் கழற்றி ஈர மண்ணில் விரித்து, அதன் மேல் மண்டியிட்டேன். துவைகல்லின் நிழல் விழுகிற இடத்தில், சோப்புத் தண்ணீர் ஓடுகிற தாரைக்கு நாலு விரல் தள்ளி, பாசி படிந்த வட்டம் ஒன்று இருந்தது. சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரிது. நாலு வருஷமாக என் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் அது இருந்திருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றிக் கதையில்தான் கேட்டிருந்தேன்.

"விரலால தொடாதீங்க. பயந்துக்குவா" என்று தையல்காரம்மா துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்துக் கொடுத்தார். "ஓரத்துல லேசா வைங்க. நான் தெனம் காலைல வைப்பேன்."

வைத்தேன். மூடி மயிரிழை எழும்பியது. அடுத்த கணம் உள்ளேயிருந்து ஒரு இழுப்பு. குச்சி வழியாக என் விரலுக்கு வந்தது அது. சின்ன இழுப்புதான், ஆனால் எவ்வளவு பிடிவாதம்! மூடி டப்பென்று சாத்திக்கொண்டது.

"உள்ளதான் இருக்கேன், போய் வேலையப் பாருன்னு சொல்லுவா" என்றார். "வருஷா வருஷம் மழை விட்டதும் தோலை வெளியே தள்ளிட்டுக் கதவைச் சாத்திக்குவா. அவர் காணாமப் போன வருஷம்தான் மொதல்ல பாத்தேன். கூட்டித் தள்ள மனசு வரல."

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே தெரியும் உங்களுக்கு!"

"தெரியும்."

"நாலு வருஷமா நான் அந்த மேட்ல முழங்கால் தேயத் தேடறேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே வேலை முடிஞ்சிருக்கும்."

"அதான் சொல்லல" என்றார்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கே தெரிந்தது போலிருந்தது. எழுந்து போய் கொடியிலிருந்த போர்வையைச் சுருட்டத் தொடங்கினார். அது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மழைமேல் பழியைப் போட்டுவிட்டு, டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவிட்டேன். கோட்டு சேற்றில் கிடந்தது பஸ் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது.

லென்ஸ் அய்யா ஒரு தோலைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஊசி நுனியால் அடிவயிற்றைப் பிரித்து, விரித்துப் பார்த்தார். இந்த வம்சத்தில் பெண், தோலை உரிக்கும்போது கர்ப்பப் பையின் உள்உறையையும் சேர்த்தே உரித்துவிடும். அதை வைத்து ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். அரை மணி நேரம் மூச்சே விடவில்லை மனிதர். பிறகு லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கழுத்தை வெறுமையாக நான் பார்த்தது அன்றுதான்.

"இவதான்யா" என்றார். "போய்த் தோண்டி எடுத்துட்டு வா."

"ஸ்பிரிட்ல போடவா?"

"பின்ன, தொட்டில்லயா போடுவாங்க?"

"தோலே போதாதாங்க? அந்தம்மா தெனம் காலைல அதுகிட்டப் பேசறாங்க."

"நீ சிலந்தி ரூமுக்கு வந்தவனா, பஞ்சாயத்துக்கு வந்தவனா? சரி, வீட்டை விக்கப் போறாங்கன்னு சொன்னியே, வாங்கறவன் சிமெண்டு போடறதுக்கு முன்னாடி எடுத்துக்கலாம்" என்றார். "இனிமே கிண்ணம் வேண்டாம். வர்ற புதன் போய்ப் புடுங்கிட்டு வந்துடு. அடுத்தது அந்தண்டை மலைப்பக்கம் பாக்கலாம்."

திங்கட்கிழமை வக்கீல் ஆபீசில் குமாஸ்தா விண்ணப்பத்தைப் படித்துக் காட்டினார். தையல்காரம்மா நல்ல உடை உடுத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் ரொட்டிக்கடைக்காரர். நான் சுவரோரம் நின்றேன்.

"...ஆகவே மேற்படி நபர் இறந்துவிட்டதாகக் கருதப்பட வேண்டும்" என்று முடித்தார் குமாஸ்தா.

"கருதப்படணும்னா?" என்றார் தையல்காரம்மா.

"செத்துட்டார்னு வெச்சுக்கறதும்மா."

"யாரு வெச்சுக்கறது?"

"கோர்ட்டு வெச்சுக்கும். வீட்டுப் பத்திர ஆபீஸ் வெச்சுக்கும்."

"நான்?"

குமாஸ்தா தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்குன்னு தனியா ஒரு கட்டம் இதுல இல்லம்மா."

"இல்லல்ல? அப்ப சரி, அவங்க வெச்சுக்கட்டும்." பேனாவை வாங்கினார். தையல் போடுகிற மாதிரி எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்த பிறகும் விரல்கள் அதைப் பிடித்த நிலையிலேயே இருந்தன. ரொட்டிக்கடைக்காரர் மூக்கைச் சிந்தினார். நான் என் பங்குக்கு, நாலு வருஷத்தில் அந்த வீட்டில் ஆண் எவரையும் கண்டதில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை. சட்டையைத்தான் கண்டிருக்கிறேன்.

வெளியே படியில் இறங்கும்போது அண்ணன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "தீர்ப்பு வர ரெண்டு மூணு மாசம் ஆகும்னாங்க. அதுக்குள்ள வாங்கறவரக் கூட்டிட்டு வந்து காட்டிடறேன்."

"எதைக் காட்ட?"

"வீட்டை."

"பாத்துட்டுப் போகட்டும். விக்கறதா நான் சொல்லலையேண்ணே."

அண்ணன் படியிலேயே நின்றுவிட்டார். "பின்ன எதுக்குடி கையெழுத்துப் போட்டே?"

"என் பேருக்கு வரட்டும்னுதான். இத்தனை நாள் அவர் வீட்ல அவருக்காகக் காவல் இருந்தேன். இனிமே என் வீட்ல நான் இருக்கேன். அவர் வந்தார்னா கதவைத் தட்டட்டும், திறக்கறேன்."

"தனியா கெடந்து மறுபடியும் விழுந்தா?"

"விழுந்தா எந்திரிப்பேன். எந்திரிக்க முடியலன்னா இவர் வந்து எட்டிப் பாப்பார்" என்று ரொட்டிக்கடைக்காரரைக் காட்டினார். அவர் வேகமாகத் தலையாட்டினார். அப்புறம் தையல்காரம்மாவின் பார்வை என் பக்கம் திரும்பியது. நான் என் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிட்டேன். வாரில் ஒரு குறையும் இல்லை.

புதன்கிழமை கிண்ணம் பிடுங்கப் போனேன். கொடியில் அவர் துணியும் போர்வையும் மட்டும் இருந்தன. ஆண் சட்டை இல்லை. நாலு வருஷமாகக் கூசாமல் நுழைந்த வாசலில் எனக்குக் கால் தயங்கியது. சட்டை தொங்கியபோது இருந்த தைரியம் இப்போது இல்லை. இப்போதுதான் அது தனியாக ஒரு பெண் இருக்கிற வீடு.

"சட்டையெல்லாம்?" என்றேன்.

"பிரிச்சுத் தலகாணி உறை தச்சுட்டேன். மூணு சட்டைக்கு ரெண்டு உறை வந்துச்சு" என்றார்.

பன்னிரண்டு கிண்ணத்தையும் பிடுங்கி, குழிகளை மண் போட்டு மூடினேன். அவர் வீட்டை விற்கவில்லை என்று கேட்டு லென்ஸ் அய்யா ஒரு மூச்சு கத்தியதையும், கடைசியில், "சரி, அது தானாச் சாகற வரைக்கும் காத்திருப்போம், நான் மொதல்லயா அது மொதல்லயா பாக்கலாம்" என்றதையும் சொன்னேன். தையல்காரம்மா லேசாகச் சிரித்தார். தோல்களுக்கு நான் எழுதிய சீட்டைப் பற்றியும் சொன்னேன். இடம், தேதி, எடுத்தவர் எல்லாம் எழுதின பிறகு, எந்தச் சீட்டிலும் இல்லாத ஒரு வார்த்தையை அடியில் சேர்த்திருந்தேன்: 'உயிருடன்'. இருபத்தாறு வருஷத்தில் நான் அந்த வார்த்தையை எழுதியது அதுதான் முதல் தடவை.

"உங்க கோட்டு ஊறவெச்சிருக்கேன். சேறு இன்னும் போகல" என்றார்.

"பரவால்ல, வேற இருக்கு."

"இனிமே எப்ப வருவீங்க?"

"வேலை முடிஞ்சிருச்சே" என்றேன்.

இதைவிட முட்டாள்தனமான பதிலை அந்தத் தெருவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "ஆமா. வேலை முடிஞ்சிருச்சு" என்று அவரும் சொன்னார். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். தெருமுனை வரை மெஷின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே போனேன். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் மலைப்பக்கம் போனேன். அங்கே வீடு கிடையாது, தேநீர் கிடையாது, எத்தனை என்று கேட்க ஆள் கிடையாது. நானே எண்ணி, நானே "ரெண்டு" என்று சொல்லிக்கொள்வேன். போகிற பஸ் அந்த மண்மேட்டைச் சுற்றித்தான் போகும். வளைவில் மெதுவாகத் திரும்பும்போது, இடது பக்க ஜன்னலிலிருந்து கடைசி வீட்டின் பின்கட்டு தெரியும்.

முதல் புதன், கொடியில் என் காக்கிக் கோட்டு காய்ந்தது. சேறு போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். கோட்டுப் பையில் எப்போதோ பேனா கசிந்த சிவப்பு மைக்கறை மட்டும் போகவில்லை. அதை வைத்துத்தான் என்னுடையது என்று தெரிந்தது. இரண்டாவது புதனும் காய்ந்தது. எடுத்து வைக்க மறந்திருப்பார் என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று மழையும் இல்லை. அந்த வாரம் முழுவதும் பாட்டில்களுக்கு நடுவில் என்னால் ஒரு சீட்டுகூடத் தப்பில்லாமல் எழுத முடியவில்லை.

மூன்றாவது புதன், பஸ் வளைவில் திரும்பியது. கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. துவைத்து, உதறி, தோள்பட்டையில் இரண்டு கிளிப்பு போட்டிருந்தது. கைகள் இரண்டும் காற்றில் ஆடின. வேலிப் பக்கம் மறுபடியும் எவனாவது வந்து நின்றிருக்கலாம். ஆளிருப்பதாகக் காட்ட ஏதோ ஒரு துணி தேவைப்பட்டிருக்கலாம். அதற்குமேல் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், என் தோல் மட்டும் அந்த வீட்டில் தொங்க, நான் இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தலைக்கு மேலே ஓடிய மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மலைக்குத்தானே டிக்கெட் வாங்குனீங்க? இங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.